ரூனி விதி: நேர்காணலுக்கு அழைப்பதைக் கட்டாயமாக்கினால் நியமனம் மாறுமா?

உங்கள் பதிவில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. முதலில் அவற்றைப் பிரித்துவிடுகிறேன். அமெரிக்காவின் தொழில்முறைக் கால்பந்து லீகான என்.எஃப்.எல்.லில், தலைமைப் பயிற்சியாளரை நியமிக்கும் முன் சிறுபான்மையினரையும் நேர்காணலுக்கு அழைத்தாக வேண்டும் என்ற ரூனி விதி இருபது ஆண்டுகளுக்கு மேலாக இருந்தும் கறுப்பினப் பயிற்சியாளர்கள் ஏன் இவ்வளவு குறைவு, இது வெறும் கண்துடைப்புதானே என்று கேட்டிருக்கிறீர்கள். அடுத்த வரியிலேயே, நிறம் பார்த்து வேலை கொடுத்தால் தகுதி அடிபடாதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இந்த இரண்டு புகாரும் ஒரே நேரத்தில் முழு உண்மையாக இருக்க முடியாது. கண்துடைப்பு என்றால் யாருக்கும் வேலை கிடைக்கவில்லை என்று பொருள். தகுதி அடிபட்டது என்றால் தகுதியில்லாத பலருக்குக் கிடைத்துவிட்டது என்று பொருள். இரண்டுக்கும் அடியில் இருக்கும் கேள்வி வேறு என்று எனக்குத் தோன்றுகிறது. முடிவெடுக்கும் அதிகாரத்தில் கைவைக்காமல், யாரைச் சந்திக்க வேண்டும் என்பதை மட்டும் கட்டாயமாக்கினால் நியமனம் மாறுமா? நான் பதில் சொல்லப்போவது அதற்குத்தான்.

ஆள்தேர்வு என் தொழில். நிறுவனங்களுக்கு உயர்பதவி நேர்காணல் குழுக்களை அமைத்துக் கொடுப்பதிலும், நடந்து முடிந்த தேர்வுகளைப் பின்னர் ஆராய்வதிலும் பல ஆண்டுகள் போயிருக்கின்றன. என்.எஃப்.எல். எனக்குப் பிழைப்பு இல்லை, பற்று மட்டுமே. எந்த அணியின் உள்ளறையிலும் நான் உட்கார்ந்ததில்லை. நான் வழக்கறிஞரும் அல்லன். ஆகவே சட்டம் பற்றிச் சொல்லும் பகுதியை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே கால்பந்து என்பது நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க ஆட்டம் என்பதையும் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன்.

விதியின் கதை 2002 ஜனவரியில் தொடங்குகிறது. டாம்பா பே அணியை அடிமட்டத்திலிருந்து தூக்கி நிறுத்திய டோனி டங்கி பதவி நீக்கப்பட்டார். அதே நாட்களில் மினசோட்டா அணியின் டென்னிஸ் கிரீன், பத்துப் பருவங்களில் முதன்முறையாக வெற்றியைவிடத் தோல்வி கூடிய ஒரே பருவத்துக்குப் பிறகு வெளியேற்றப்பட்டார். இருவரும் கறுப்பினத்தவர். அந்த ஆண்டே வழக்கறிஞர்கள் ஜானி காக்ரனும் சைரஸ் மேரியும் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். அதற்கான கணக்கைப் போட்டவர் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஜானிஸ் மாடன். 1986 முதல் 2001 வரையிலான பருவங்களை எடுத்துக்கொண்டு அவர் கண்டது இது: கறுப்பினப் பயிற்சியாளர்கள் சராசரியாகப் பருவத்துக்கு 1.1 ஆட்டம் கூடுதலாக வென்றிருந்தார்கள். பதவி நீக்கப்பட்ட பருவத்தில்கூட, நீக்கப்பட்ட வெள்ளையரைவிட 1.3 ஆட்டம் கூடுதலாக வென்றிருந்தார்கள். வழக்குத் தொடுப்போம் என்ற எச்சரிக்கையும் அறிக்கையோடு வந்தது. லீக் ஒரு குழுவை அமைத்தது. அதன் தலைவர் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் உரிமையாளர் டான் ரூனி. விதிக்குப் பெயர் வந்தது அவரிடமிருந்து. 2002 டிசம்பரில் உரிமையாளர்கள் அதை ஏற்றார்கள்.

அந்த ஆய்வில் இருந்த கறுப்பினப் பயிற்சியாளர்கள் மொத்தம் ஐந்தே பேர். ஆர்ட் ஷெல், டென்னிஸ் கிரீன், ரே ரோட்ஸ், டோனி டங்கி, ஹெர்ம் எட்வர்ட்ஸ். ஐந்து பேரை வைத்துப் போடப்படும் சராசரியை இரும்பில் வார்த்த உண்மையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் ஐந்து பேர் மட்டுமே இருந்தார்கள் என்பதே அன்றைய நிலையைச் சொல்லிவிடுகிறது. ஃப்ரிட்ஸ் பாலர்ட் 1921இல் ஆக்ரன் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராக இருந்தார். அடுத்த கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளரான ஆர்ட் ஷெல் வந்தது 1989இல். இடைப்பட்ட காலத்தில் ஆட்டக்காரர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் கறுப்பினத்தவராக ஆகியிருந்தார்கள்.

முதல் வடிவத்தில் விதி கேட்டது மிகச் சிறியது: தலைமைப் பயிற்சியாளர் பதவி காலியானால், குறைந்தது ஒரு சிறுபான்மை விண்ணப்பதாரரையாவது நேர்காணல் செய்யுங்கள். நம்மவர்கள் இதைப் படித்ததும் இடஒதுக்கீட்டை நினைத்துக்கொள்வார்கள். இது அதுவல்ல. இடஒதுக்கீட்டில் இடம் உறுதி. போட்டி அந்த இடத்துக்குள் நடக்கும். இங்கே எந்த இடமும் யாருக்கும் ஒதுக்கப்படவில்லை. மதிப்பெண் சலுகை கிடையாது, இலக்கு எண் கிடையாது. உரிமையாளர் யாரை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. தகுதி அடிபடும் என்ற அச்சத்துக்கு விதியின் வாசகத்தில் இடமே இல்லை என்று உறுதியாகச் சொல்லலாம். இன்னும் சொன்னால், ஒரு தேர்வில் பார்க்கப்படும் ஆட்களின் எண்ணிக்கை கூடினால் தகுதியான ஆள் அகப்படும் வாய்ப்பு கூடுமே தவிரக் குறையாது.

மைக் டாம்லின் கதை இதற்கு நல்ல சான்று, ஆனால் வழக்கமாகச் சொல்லப்படும் விதத்தில் அல்ல. 2007 ஜனவரியில் ஸ்டீலர்ஸ் அணியின் தலைமைப் பயிற்சியாளர் பில் கௌர் விலகினார். அணிக்குள்ளேயே கென் விசன்ஹன்ட், ரஸ் கிரிம் என்ற இரண்டு வலுவான ஆட்கள் காத்திருந்தார்கள். டாம்லினுக்கு வயது 34. தலைமைப் பயிற்சியாளருக்கு அடுத்த நிலையான ஒருங்கிணைப்பாளர் பதவியில் ஒரே ஒரு பருவ அனுபவம். அவரைத்தான் எடுத்தார்கள். இரண்டாவது பருவத்திலேயே லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலை வென்றார். வெற்றியைவிடத் தோல்வி கூடிய ஒரு பருவத்தைக்கூட அங்கே அவர் முடித்ததில்லை. ரூனி விதியின் வெற்றிக்கு எல்லோரும் காட்டும் முகம் இவருடையது. ஆனால் டாம்லினைச் சந்திக்கும் முன்பே அந்த அணி ரான் ரிவேராவை நேர்காணல் செய்து விதியை நிறைவேற்றிவிட்டிருந்தது. டாம்லினை விதிக்காக யாரும் அழைக்கவில்லை. ரூனி குடும்பம் பெரிய வட்டத்தில் ஆள் தேடும் பழக்கம் உள்ள குடும்பம். அவர்கள் கேட்ட கேள்விகளுக்கு அந்த இளைஞர் சொன்ன பதில் அவர்களை அசைத்தது. என் தொழிலில் இதைத்தான் திறந்த தேர்வு என்போம்: நேர்காணலில் நடப்பது முடிவை மாற்றக்கூடிய நிலையில் தேர்வாளர் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த நிலை இருந்தால் விதி ஒரு கதவைக் கூடுதலாகத் திறக்கிறது. இல்லையென்றால் விதியால் ஒன்றும் நடக்காது.

இல்லாத நிலை எப்படி இருக்கும் என்பதும் தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. 2003இல் டெட்ராய்ட் லயன்ஸ் அணி ஸ்டீவ் மரியூச்சியை எடுக்கப்போகிறது என்பது நாடறிந்த செய்தி. நேர்காணலுக்கு அழைக்கப்பட்ட ஐந்து சிறுபான்மையினரும் வர மறுத்துவிட்டார்கள். தேதி குறித்துப் பத்திரிகையும் அடித்துவிட்டு, ஊருக்காக இன்னொரு வீட்டில் பெண் பார்க்கப் போனால் எந்த வீட்டில் கதவைத் திறப்பார்கள்? அணியின் நிர்வாகத் தலைவர் மேட் மிலனுக்கு லீக் 2 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. அபராதம் என்று பேச்செடுத்தால் இன்றும் எல்லோர் நினைவுக்கும் வருவது அது ஒன்றுதான். அதே பருவத்தில் டாலஸ் அணி பில் பார்செல்சை எடுக்கும் முன் டென்னிஸ் கிரீனிடம் தொலைபேசியில் பேசிக் கணக்கை முடித்தது. 2018இல் ரெய்டர்ஸ் உரிமையாளர் மார்க் டேவிஸ் ஜான் குரூடனோடு ஏற்கெனவே பேசி முடித்துவிட்டார் என்பது ஏறக்குறைய வெளிப்படை. கறுப்பினப் பயிற்சியாளர்களின் உரிமைக்காக இயங்கும் ஃப்ரிட்ஸ் பாலர்ட் கூட்டமைப்பு முறையிட்டது. வேறு இருவரை நேர்காணல் செய்தது பதிவில் இருந்ததால், விதி மீறப்படவில்லை என்று லீக் முடித்துக்கொண்டது. பதிவேட்டில் இருப்பதை லீக்கால் சரிபார்க்க முடியும். உரிமையாளரின் மனத்தில் இருப்பதை எப்படிச் சரிபார்ப்பது?

இதை நீதிமன்றம் வரை கொண்டுபோனவர் பிரையன் ஃப்ளோரஸ். மயாமி அணியின் தலைமைப் பயிற்சியாளராக இருந்த கறுப்பினத்தவர். அணியை அடுத்தடுத்து இரண்டு பருவங்களில் தோல்வியைவிட வெற்றி கூடுதலாகப் பெறவைத்த பின்பும் 2022 ஜனவரியில் நீக்கப்பட்டார். நியூயார்க் ஜயன்ட்ஸ் அணி அவரை ஜனவரி 27 அன்று நேர்காணலுக்கு அழைத்திருந்தது. மூன்று நாட்களுக்கு முன்பு, அவருடைய பழைய தலைவரும் நியூ இங்கிலாந்து அணிப் பயிற்சியாளருமான பில் பெலிசிக்கிடமிருந்து வாழ்த்துக் குறுஞ்செய்தி வந்தது. நேர்காணலே நடக்கவில்லையே, எந்த பிரையனை வாழ்த்துகிறீர்கள் என்று ஃப்ளோரஸ் கேட்க, தவறான ஆளுக்கு அனுப்பிவிட்டதாக மன்னிப்பு வந்தது. வேலை பிரையன் டேபோலுக்கு என்று பெலிசிக் கேள்விப்பட்டிருந்தார். அது தெரிந்த பிறகும் ஃப்ளோரஸ் அந்த நேர்காணலுக்குப் போனார். வேலை டேபோலுக்கே போனது. பிப்ரவரி 1 அன்று லீக் மீதும் மூன்று அணிகள் மீதும் வழக்குத் தொடுத்தார்.

இங்கே உறுதியானதையும் உறுதியாகாததையும் பிரித்துக்கொள்ள வேண்டும். குறுஞ்செய்திகள் வெளியானவை, அவற்றில் சந்தேகமில்லை. ஜயன்ட்ஸ் முன்பே முடிவெடுத்துவிட்டது என்பது ஃப்ளோரஸின் குற்றச்சாட்டு. கடைசி வரை அவரையும் கருத்தில் வைத்திருந்தோம் என்பது அணியின் மறுமொழி. 2019இல் டென்வர் அணியினர் நேர்காணலுக்கே ஒரு மணி நேரம் தாமதமாகக் கலைந்த கோலத்தில் வந்தார்கள் என்று அவர் சொன்னதை அந்த அணியும் மறுத்தது. பின்னர் வழக்கில் ஸ்டீவ் வில்க்ஸ், ரே ஹார்ட்டன் என்ற வேறு இரண்டு கறுப்பினப் பயிற்சியாளர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஹார்ட்டனின் புகாரில் மட்டும் ஓர் அசாதாரணமான சான்று உண்டு. 2016இல் டென்னசி அணி தன்னை நேர்காணல் செய்தது வெறும் சடங்கு என்பது அவர் வாதம். அப்போது அந்த வேலையைப் பெற்ற வெள்ளைப் பயிற்சியாளர் மைக் மலார்கி, நேர்காணல்கள் முடியும் முன்பே வேலை தனக்குத்தான் என்று தன்னிடம் சொல்லப்பட்டதாகவும் அதை நினைத்து வருந்துவதாகவும் 2020இல் ஓர் ஒலிபரப்பில் தானாகவே சொல்லியிருந்தார். இதையெல்லாம் எங்கே விசாரிப்பது, நீதிமன்றத்திலா அல்லது லீக்கின் ஆணையரே நடுவராக இருக்கும் உள் விசாரணையிலா என்பதிலேயே ஆண்டுகள் கழிந்தன. அப்படிப்பட்ட நடுவர் முறை செல்லாது என்று 2025 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று ஃப்ளோரஸுக்குச் சார்பாகச் சொன்னது. ஆனால் இது விசாரணை எங்கே என்பதைப் பற்றிய தீர்ப்பு. பாகுபாடு நடந்தது என்ற தீர்ப்பு அல்ல.

எண்களுக்கு வருகிறேன், ஏனென்றால் நீங்கள் குறைவு என்று சொன்னது எந்த ஆண்டை வைத்து என்பதில் நிறைய இருக்கிறது. 32 அணிகளில் 2002 பருவம் முடிந்தபோது கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர்கள் இரண்டு பேர். 2006இல் ஏழு பேர். அந்தப் பருவத்தின் சூப்பர் பௌலில் டோனி டங்கியும் லவி ஸ்மித்தும் எதிரெதிரே நின்றார்கள், டங்கியின் இண்டியானாபொலிஸ் 29-17 என்று வென்றது. விதி வென்றுவிட்டது என்று அன்று எழுதாதவர்கள் இல்லை. 2013 ஜனவரியில் எட்டுப் பயிற்சியாளர் பதவிகளும் ஏழு பொது மேலாளர் பதவிகளும் காலியாயின. பதினைந்தில் ஒன்றுகூடச் சிறுபான்மையினருக்குப் போகவில்லை. 2018இல் மறுபடி ஏழு பேர். அந்தப் பருவம் முடிவதற்குள் அவர்களில் ஐந்து பேர் வேலை இழந்தார்கள். ஃப்ளோரஸ் வழக்குத் தொடுத்த நாளில் எஞ்சியிருந்தவர் டாம்லின் ஒருவரே. 2024 பருவம் தொடங்கியபோது எல்லாச் சிறுபான்மையினரையும் சேர்த்து ஒன்பது பேர், அதுவரை இல்லாத எண்ணிக்கை. அடுத்த ஜனவரிக்குள் அதில் மூன்று பேர் போய்விட்டார்கள். எந்த ஆண்டைத் தேர்ந்தெடுக்கிறீர்களோ அதற்கேற்ப விதி வெற்றி என்றும் சொல்லலாம், தோல்வி என்றும் சொல்லலாம். ஆண்டுக்கு ஐந்து முதல் எட்டு வரை காலியாகும் ஒரு வேலைச் சந்தையில் இரண்டு நியமனம் மாறினால் விழுக்காடு தலைகீழாகிவிடும். தொலைக்காட்சியில் இதை வைத்து ஆணித்தரமாகப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்புத்தான் வரும்.

ஆய்வாளர்களும் ஒத்துப்போகவில்லை. 2011இல் வெளியான ஓர் ஆய்வு, ஒருங்கிணைப்பாளர் நிலையில் ஏற்கெனவே இருப்பவர்களை மட்டும் ஒப்பிட்டுப் பார்த்து, விதியால் அவர்களில் கறுப்பினத்தவர் மேலே போகும் வாய்ப்பு கூடியதற்குச் சான்று இல்லை என்றது. சில ஆண்டுகள் கழித்து வந்த மற்றொன்று, விதிக்குப் பின் ஒரு காலியிடம் சிறுபான்மையினருக்குப் போகும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடியது என்றது. இரண்டும் நேர்மையான ஆய்வுகள். அளக்கத் தொடங்கிய இடம்தான் வேறு. முதல் ஆய்வின் முடிவை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு: ஒருங்கிணைப்பாளர் படிக்கட்டில் நிற்பவர் வரை வந்துவிட்டால் வேறுபாடு சிறுத்துவிடுகிறது என்றால், அடைப்பு அதற்குக் கீழே இருக்கிறது என்று பொருள்.

அந்த அடைப்பு எங்கே என்பது இந்த ஆட்டத்தைப் பின்தொடர்பவர்களுக்குத் தெரிந்ததுதான். ஒரு அணியில் தலைமைப் பயிற்சியாளருக்குக் கீழே தாக்குதலுக்கு ஒருவர், தற்காப்புக்கு ஒருவர் என்று ஒருங்கிணைப்பாளர்கள் இருப்பார்கள். அவர்களுக்கும் கீழே களத்தில் ஆடும் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பயிற்சியாளர். கறுப்பினப் பயிற்சியாளர்கள் பெரும்பாலும் பந்தை ஏந்தி ஓடுகிறவர்களையும் தற்காப்பு வரிசையையும் பயிற்றுவிக்கும் இடங்களில் குவிந்திருந்தார்கள். ஆனால் கடந்த பதினைந்து ஆண்டுகளாக உரிமையாளர்கள் தேடுவது தாக்குதலைக் களத்தில் நடத்தும் முதன்மை ஆட்டக்காரரான குவாட்டர்பேக்கை வளர்த்தெடுப்பவரையும், ஆட்டத்தின் நடுவே அடுத்த நகர்வைக் கூப்பிட்டுச் சொல்லும் தாக்குதல் ஒருங்கிணைப்பாளரையும். 2017இல் லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் அணி ஷான் மெக்வேயை முப்பது வயதில் எடுத்து வெற்றி கண்ட பிறகு, அவரோடு ஒரு கோப்பைக் காபி குடித்தவருக்கெல்லாம் வேலை கிடைக்கிறது என்று ஒரு நகைச்சுவையே உருவானது. குவாட்டர்பேக் பயிற்சியாளர் பதவிக்குச் செல்லும் பாதையில் கறுப்பினத்தவர் குறைவு என்றால், தலைமைப் பதவிக்கான நேர்காணலில் ஒரு நாற்காலியை ஒதுக்கி என்ன பயன்? லீக்குக்கே இது பின்னால் உறைத்தது. 2020இல் ஒருங்கிணைப்பாளர் பதவிகளுக்கும் 2022இல் குவாட்டர்பேக் பயிற்சியாளர் பதவிக்கும் நேர்காணல் கட்டாயத்தை நீட்டினார்கள். ஒவ்வோர் அணியும் தாக்குதல் பிரிவில் சிறுபான்மையினர் அல்லது பெண் ஒருவரை உதவியாளராக வைத்திருக்க வேண்டும் என்றும் அப்போது சேர்த்தார்கள். விதியின் வரலாற்றில் எனக்கு மிக உருப்படியாகத் தெரியும் திருத்தம் இதுதான்.

பாதை முழுவதையும் கடந்தவருக்கும் கதவு திறக்காத கதை ஒன்று இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. எரிக் பீனியமி 2018 முதல் 2022 வரை கான்சாஸ் சிட்டியின் தாக்குதல் ஒருங்கிணைப்பாளர். அந்தக் காலத்தில் அணி இரண்டு சூப்பர் பௌல் வென்றது. அவருக்கு முன் அதே நாற்காலியில் இருந்த டக் பீடர்சனும் மேட் நேகியும் அங்கிருந்து நேராகத் தலைமைப் பயிற்சியாளர் ஆனார்கள். பீனியமி பத்துக்கு மேற்பட்ட நேர்காணல்களுக்குப் போய்வந்தார், ஒன்றும் கிடைக்கவில்லை. நேர்காணலில் சோபிக்கவில்லை என்று சிலர் சொன்னார்கள். ஆட்ட நகர்வுகளை அழைப்பது அவரல்ல, தலைமைப் பயிற்சியாளர் ஆண்டி ரீட் என்று சிலர் சொன்னார்கள். அது பீடர்சனுக்கும் நேகிக்கும்கூடப் பெரும்பாலும் பொருந்தும் காரணம்தான், ஆனால் அவர்களைத் தடுக்கவில்லை. ஒரு தனி ஆளின் நேர்காணல் பற்றி வெளியிலிருந்து தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரே நாற்காலிக்கு ஒரே அளவுகோல் போடப்பட்டதா என்று கேட்க எனக்கு உரிமை உண்டு.

எடுப்பதைப் பற்றியே பேசி, நீக்குவதை மறந்துவிடுகிறோம். ரூனி விதி நியமனத்தோடு முடிந்துவிடுகிறது. ஸ்டீவ் வில்க்ஸுக்கு அரிசோனாவில் கிடைத்தது ஒரு பருவம். ஹூஸ்டன் அணி 2021இல் டேவிட் கல்லியை எடுத்து ஒரு பருவத்தில் நீக்கியது. 2022இல் லவி ஸ்மித்தை எடுத்து அவரையும் ஒரு பருவத்தில் நீக்கியது. இருவருக்கும் கொடுக்கப்பட்டது கலைத்துப் போடப்பட்ட அணி. அதன் பின் வந்த டிமிக்கோ ரயன்ஸும் கறுப்பினத்தவரே. அவருக்கு நல்ல குவாட்டர்பேக்கும் கிடைத்தார், முதல் பருவத்திலேயே 10 வெற்றி, 7 தோல்வி. ஜிம் கால்ட்வெல் டெட்ராய்ட்டில் நான்கு பருவங்களில் 36 வெற்றி, 28 தோல்வி என்று முடித்து, 9-7 பருவத்துக்குப் பின் நீக்கப்பட்டார். அடுத்து வந்தவர் மூன்று பருவங்களைக்கூட முழுமையாக முடிக்கவில்லை. வெள்ளைப் பயிற்சியாளர்களும் ஓராண்டில் நீக்கப்படுகிறார்கள் என்பது உண்மை. ஆகவே தனித்தனி நீக்கத்தை நிறத்தோடு முடிச்சுப் போட முடியாது. ஆனால் குறுகிய ஆயுள் கொண்ட வேலைகள் யாருக்கு அதிகம் வருகின்றன என்பதை நேர்காணல் விதியால் தொடவே முடியாது.

2020 முதல் வந்த மற்ற திருத்தங்களில் இரண்டைச் சொல்லலாம். ஒன்று, ஒருவருக்குப் பதில் வெளியணியைச் சேர்ந்த இரண்டு சிறுபான்மையினரைச் சந்திக்க வேண்டும். என் துறையில் இதற்கு ஆதரவாக ஓர் ஆய்வை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். 2016இல் வெளியானது; ஒரு பல்கலைக்கழகத்தின் இறுதிப் பட்டியலில் இருந்த 598 பேரைப் பார்த்து, பட்டியலில் ஒரே ஒரு சிறுபான்மையினர் இருந்தால் அவர் தேர்வாவது கிட்டத்தட்ட இல்லை என்றும், இருவர் இருந்தால் நிலைமை அடியோடு மாறுகிறது என்றும் அது சொன்னது. ஒற்றை ஆள் விதிவிலக்காகத் தெரிகிறார், இருவர் வந்தால் இயல்பாகிவிடுகிறது என்பது விளக்கம். நான் கண்ட குழுக்களிலும் அப்படி நடந்ததுண்டு. ஆனால் இருவரைப் பட்டியலில் சேர்க்கும் துறை ஏற்கெனவே திறந்த மனத்தோடு இருந்திருக்கலாம் அல்லவா? கட்டாயத்தால் இருவரைச் சேர்க்கும் இடத்தில் அதே விளைவு வரும் என்று அந்த ஆய்வு காட்டவில்லை. 2025 ஜனவரியில் நியூ இங்கிலாந்து அணி, முந்தைய பருவத்தில் லீக்கில் எந்த வேலையிலும் இல்லாத இரண்டு கறுப்பினத்தவரை அடுத்தடுத்துச் சந்தித்துவிட்டு மைக் வ்ரேபலை எடுத்துக்கொண்டது. இரண்டு என்ற எண்ணையும் சடங்காக்க முடியும் என்பதற்கு இதைத்தான் பலர் காட்டினார்கள். வேடிக்கை என்னவென்றால், ஓராண்டுக்கு முன் அதே அணி ஜெராட் மேயோ என்ற கறுப்பினப் பயிற்சியாளரை, ஒப்பந்தத்தில் முன்பே எழுதிவைத்த வாரிசு ஏற்பாட்டைக் காட்டி, யாரையும் நேர்காணல் செய்யாமலே நியமித்திருந்தது. விதிவிலக்கு எந்தப் பக்கமும் வெட்டும்.

இன்னொரு திருத்தம் ஊக்கத்தொகை. ஒரு அணி வளர்த்த சிறுபான்மைப் பயிற்சியாளரை வேறு அணி தலைமைப் பதவிக்கு எடுத்துக்கொண்டால், வளர்த்த அணிக்கு, புதிய ஆட்டக்காரர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட்டின் மூன்றாம் சுற்றில், ஆண்டுக்கு ஒன்றாக இரண்டு ஆண்டுகளுக்குக் கூடுதல் வாய்ப்பு கிடைக்கும். எடுப்பவருக்கு அல்ல, வளர்ப்பவருக்கு வெகுமதி என்பதைக் கவனியுங்கள். முதலில் எடுப்பவருக்கே டிராஃப்ட் வரிசையில் முன்னேற்றம் தரலாம் என்று ஒரு யோசனை வந்தது. அதை உரிமையாளர்கள் கிடப்பில் போட்டார்கள். போட்டது நல்லது. அப்படிச் செய்திருந்தால் நியமிக்கப்படும் ஒவ்வொருவர் முதுகிலும் விலைச்சீட்டு ஒட்டப்பட்டிருக்கும், உங்கள் தகுதிக் கேள்விக்கும் அப்போது ஒரு பொருள் வந்திருக்கும்.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. அமெரிக்காவின் 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டத்தின் ஏழாம் பகுதி, இனத்தை வைத்து வேலை தருவதையும் மறுப்பதையும் தடுக்கிறது. நேர்காணலுக்கு அழைப்பது மட்டும் யாருக்கும் வேலையை மறுப்பதாகாது என்பது விதியை ஆதரிப்பவர்களின் வாதம். நேர்காணல் வாய்ப்பே ஒரு பலன், அதை இனத்தை வைத்துப் பகிரக் கூடாது என்பது எதிர்வாதம். கல்லூரி சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு எதிர்வாதத்துக்கு வலு கூடியது. 2024இல் ஒரு பழமைவாதச் சட்ட அமைப்பு இந்த விதிக்கு எதிராக வேலைவாய்ப்புச் சமத்துவ ஆணையத்தில் புகார் அளித்தது. 2025இல் அந்த ஆணையமே நேர்காணலுக்கான தேர்வும் சட்டத்துக்கு உட்பட்டதுதான் என்று விளக்கம் வெளியிட்டது. விதியின் தலையெழுத்து ஆடுகளத்தில் அன்றி நீதிமன்றத்தில் முடிவாகலாம். எப்படி முடியும் என்று ஆரூடம் சொல்ல நான் தகுதியானவன் அல்லன்.

இங்கிலாந்தின் கால்பந்து, அதாவது நாம் அறிந்த கால்பந்து, இதே விதியைத் தளர்த்தி எடுத்துக்கொண்டது. தேசிய அணிப் பதவிகளுக்கு 2018இலும், பிரீமியர் லீகுக்குக் கீழேயுள்ள 72 கிளப்புகளுக்கு 2019இலும் வந்தது. அங்கே மேலாளர்கள் பருவத்தின் நடுவே நீக்கப்பட்டு மூன்றே நாளில் அடுத்தவர் வந்துவிடுவார். முறையான தேர்வு நடத்தினால்தான் விதி பொருந்தும் என்றால், தேர்வே நடத்தாமல் ஒருவரையே கூப்பிட்டுப் பேசும் கிளப்பை அது என்ன செய்யும்?

இதிலிருந்துதான் என் கருத்துக்கு வருகிறேன். விதியை எடுத்துவிடச் சொல்லமாட்டேன். மார்வின் லூயிஸைப் பாருங்கள்: 2000ஆம் ஆண்டுப் பருவத்தில் பால்டிமோரின் புகழ்பெற்ற தற்காப்பை நடத்தியவர், சூப்பர் பௌல் வென்ற பின்பும் இரண்டு ஆண்டுகள் தலைமைப் பயிற்சியாளர் வேலை கிடைக்காமல், விதி வந்த அடுத்த மாதமே சின்சினாட்டியில் நியமிக்கப்பட்டு 16 பருவங்கள் இருந்தார். விதியால்தான் கிடைத்தது என்று நிரூபிக்க முடியாது. அந்தக் குளிர்காலத்தில் எல்லோர் கண்ணும் உரிமையாளர்கள் மேல் இருந்தது என்பது மட்டும் நிச்சயம். ஆனால் ஆள்தேர்வில் நான் கற்றதை வைத்துச் சொன்னால், அழைப்புப் பட்டியலைவிட அவசரம்தான் பெரிய எதிரி. பருவம் ஞாயிற்றுக்கிழமை முடிகிறது, திங்களன்று நீக்கம், அடுத்த வாரம் நியமனம் என்றால் உரிமையாளர் தனக்கு ஏற்கெனவே தெரிந்தவரைத்தான் எடுப்பார். உரிமையாளர்களின் பழக்க வட்டம் எப்படிப்பட்டது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இந்த அணிகளில் பெரும்பான்மைப் பங்கை வைத்திருக்கும் கறுப்பினத்தவர் இதுவரை ஒருவரும் இல்லை. அதனால்தான் வேறு அணியில் வேலையில் இருப்பவர்களை நேரில் சந்திப்பதை, பருவ முடிவில் நடக்கும் நாக்-அவுட் போட்டியான பிளே-ஆஃப்பின் இரண்டாம் சுற்று முடியும் வரை தள்ளிவைத்த 2024ஆம் ஆண்டு மாற்றத்தை நான் மதிக்கிறேன். அதில் இனம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆனால் இன்னும் ஆடிக்கொண்டிருக்கும் அணிகளின் உதவிப் பயிற்சியாளர்கள் போட்டிக்குள் வர அது நேரம் வாங்கிக் கொடுக்கிறது.

இன்னும் ஒரு படி போகலாம் என்பேன். நேர்காணலில் என்ன கேட்கப்போகிறோம், எதற்கு எவ்வளவு மதிப்பு என்பதை முதல் ஆளைச் சந்திக்கும் முன்பே எழுதி லீக்கிடம் கொடுத்துவிட வேண்டும். முடிவுக்குப் பின் அதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். எங்கள் துறையில் இது சாதாரண நடைமுறை. எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்கும் நேர்காணல், மனம்போனபடி பேசும் நேர்காணலைவிட நன்றாக ஆளைக் கணிக்கிறது என்பதில் பெரிய கருத்து வேறுபாடு கிடையாது. பல நூறு கோடி டாலர் மதிப்புள்ள அணிகள் இதைச் செய்ய மறுப்பதற்குக் காரணம் செலவல்ல. தன் சொத்துக்கு யாரை வைத்துக்கொள்வது என்பதில் இன்னொருவருக்குக் கணக்குக் காட்ட எந்த உரிமையாளருக்கும் விருப்பமில்லை. உரிமையாளர்களே வாக்களித்துத்தான் விதியை மாற்ற முடியும், தங்கள் கையைத் தாங்களே கட்டிக்கொள்ள அவர்கள் வாக்களிப்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அடுத்த ஜனவரியில் நியமனச் செய்திகளைப் படிக்கும்போது, அழைக்கப்பட்டவர் பட்டியலோடு நிறுத்திக்கொள்ளாமல், முந்தைய பயிற்சியாளர் நீங்கிய நாளுக்கும் புதியவர் பெயர் வெளியான நாளுக்கும் இடையே எத்தனை நாள் என்று எண்ணிப் பாருங்கள். வேறு அணியின் பிளே-ஆஃப் முடியும்வரை காத்திருந்து ஆளை எடுத்த அணிகள் எவை என்றும் பாருங்கள்.